விளக்கை யார் அளந்தது?

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2010-இல் ஒரு சிறிய அறிக்கையை வெளியிட்டது. கடையில் 15 டாலர் விலையில் கிடைத்த பச்சை லேசர் பாயின்டர்களை அதன் இயற்பியலாளர்கள் வாங்கிச் சோதித்திருந்தார்கள். வகுப்பறையிலும் கருத்தரங்கிலும் திரையைச் சுட்டிக்காட்டப் பயன்படும் அதே பேனா வடிவக் கருவிதான். அவற்றில் ஒன்று மங்கலாக எரிந்தது. வெளிச்சம் குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அளந்து பார்த்தால், வெளியே வந்த பச்சை ஒளியைவிடப் பல மடங்கு வலிமையான அகச்சிவப்புக் கதிரை அது கண்ணுக்குத் தெரியாமல் கக்கிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. இத்தகைய பாயின்டருக்குள் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள டயோடு லேசர் ஒன்று முதல் படிகத்தைத் தூண்டுகிறது. அந்தப் படிகம் 1064 நானோமீட்டரில் அகச்சிவப்பை வெளியிடுகிறது. இரண்டாவது படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகிறது. மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க வாய்ப்பகுதியில் ஒரு வடிகட்டி இருந்தாக வேண்டும். மலிவுக் கருவியில் அது இல்லை. கூசும் வெளிச்சம் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும். அகச்சிவப்புக்கு இமை அசையாது. ஆனால் விழித்திரையில் குவிவது மட்டும் தவறாமல் நடக்கும். அதே நிறுவனம் 2013-இல் 122 பாயின்டர்களைச் சோதித்தபோது, பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளை மீறியிருந்தன.

இப்போது அந்தப் பாயின்டரின் உடம்பில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, அதிலுள்ளதை ஓர் ஒளியியல் வடிவமைப்பு மென்பொருளில் உள்ளிட்டால் என்ன வரும்? அலைநீளம் 532, திறன் 5 மில்லிவாட்டுக்குள். திரையில் வட்டமான, ஒரே நிறமுள்ள ஒளிப்புள்ளி ஒன்று தோன்றும். நடுவில் செறிந்து, ஓரம் நோக்கி மெல்லத் தேய்ந்திருக்கும். அகச்சிவப்பின் சுவடே இருக்காது. மென்பொருளைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. கேட்ட லேசரை அது வரைந்து கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கல் பாயின்டரோடு நிற்பதில்லை என்பதுதான் கவலைக்குரியது. லென்ஸின் வளைவையும் தடிமனையும் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை பார்த்துப் பார்த்து உள்ளிடுகிறவர்கள், அந்த லென்ஸுக்குள் நுழையும் லேசரை மட்டும் மென்பொருள் தரும் வார்ப்புருவாகவே விட்டுவிடுகிறார்கள். குறையே இல்லாத கற்றை, குறையே இல்லாத விடையைத் தருகிறது. அந்த வண்ணப்படம் ஆய்வேட்டில் ஏறுகிறது, டெண்டர் ஆவணத்தில் ஏறுகிறது, பாதுகாப்புச் சான்றுக்கான கோப்பிலும் ஏறுகிறது. லேசரை யாரும் அளக்காமல் செய்த சிமுலேஷனை இந்த மூன்று இடங்களிலும் முடிவாக ஏற்கக் கூடாது. முதல் வரைவாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

லென்ஸ் வடிவமைப்பு என்றைக்குமே கணக்குப் பிள்ளைகளின் தொழில். 1840-இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் ஒளிப்படக் கருவிக்கான தம் புகழ்பெற்ற லென்ஸை உருவாக்கியபோது, கணக்கில் தேர்ந்த பீரங்கிப் படை வீரர்கள் சிலரை ஆஸ்திரிய இளவரசர் லுட்விக் அவருக்கு உதவியாக அனுப்பிவைத்தார். குண்டு போய் விழும் இடத்தைக் கணக்கிட்டுப் பழகியவர்கள், ஒளிக்கதிர் போய் விழும் இடத்தைக் கணக்கிட்டார்கள். முறை இன்றும் மாறவில்லை. ஒரு கதிரை எடுத்துக்கொள்ள வேண்டும். அது கண்ணாடிப் பரப்பைத் தொடும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்நெல் விதிப்படி அதன் திசையைத் திருப்ப வேண்டும். அடுத்த பரப்புக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் பிறந்த கோட்-வி, பிறகு வந்த ஸீமேக்ஸ் போன்ற மென்பொருள்களின் அடித்தளம் இதுதான். (ஸீமேக்ஸின் பெயர் அதை எழுதிய கென் மூரின் நாயான மேக்ஸிலிருந்து வந்தது. பல கோடி டாலர் தொழிலுக்கு இவ்வளவு எளிமையான பெயர் சூட்டு விழா அபூர்வம்.) வீரர்கள் நாள்கணக்கில் செய்ததை இன்றைய மடிக்கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சக்கணக்கான கதிர்களுக்குச் செய்துவிடுகிறது.

சூரியன், குழல்விளக்கு, மெழுகுவத்தி ஆகியவற்றுக்கு இந்தக் கதிர்க்கணக்கு நன்றாகவே பொருந்தும். அங்கே ஒவ்வொரு புள்ளியும் தன் போக்கில் எல்லாத் திசையிலும் ஒளியை வீசுகிறது. லேசர் வேறு சாதி. அதன் அலைகள் ஒரே தாளத்தில் முன்னேறுபவை. அதைக் கோடாக நினைத்த மாத்திரத்தில் விடை தடம்புரள்கிறது.

கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இன்னும் காணக்கிடைக்கும் சிவப்பு ஹீலியம்-நியான் லேசரை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் 633 நானோமீட்டர். கற்றை மிக ஒடுங்கியிருக்கும் இடத்தில் அதன் ஆரம் அரை மில்லிமீட்டர், அதாவது விட்டம் 1 மில்லிமீட்டர். கதிர்க்கணக்கின்படி இணையாகப் புறப்பட்ட கற்றை 100 மீட்டர் தள்ளியும் அதே 1 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். அலைக்கணக்கின்படி ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் விட்டத்துக்குப் பரவிவிடும். இந்த விரிவு தயாரிப்புக் குறை அல்ல. ஒளி அலையாக இருக்கும்வரை தவிர்க்க முடியாதது. கற்றையை எவ்வளவு ஒடுக்குகிறோமோ அவ்வளவு வேகமாக அது விரியும். அதே கற்றையை 10 சென்டிமீட்டர் குவியத் தொலைவுள்ள நல்ல லென்ஸால் குவித்தால், கதிர்க்கணக்கு பூஜ்ய அளவுள்ள புள்ளியைக் காட்டும். உண்மையில் கிடைப்பது சுமார் 80 மைக்ரான் அகலமுள்ள வட்டம். பூஜ்யப் பரப்பில் எந்தத் திறனைக் கொட்டினாலும் செறிவு முடிவிலி. அந்தக் கணக்கை நம்பி லென்ஸின் மேல்பூச்சு தாங்குமா என்றோ, கண் தாங்குமா என்றோ முடிவுசெய்ய வழியே இல்லை.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் நிலா இருக்கிறது. அப்போலோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களை நோக்கி, நியூமெக்சிகோவின் அப்பாச்சி பாயின்டில் உள்ள 3.5 மீட்டர் தொலைநோக்கி வழியாக லேசர் துடிப்புகளை அனுப்புகிறார்கள். நிலாவைத் தொடும்போது அந்தக் கற்றையின் அகலம் 2 கிலோமீட்டர் அளவுக்கு விரிந்திருக்கும். அதற்குப் பெரும்பங்கு காரணம் நம் காற்றுமண்டலத்தின் கலக்கம். காற்றைச் சேர்க்காத எந்த மாதிரியும் அங்கே செல்லாது.

லேசரைக் கணினியில் உருவாக்கும் முயற்சி லேசரின் வயதையே கொண்டது. 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் ரூபி லேசரை ஒளிரவைத்தார். அப்போது இயற்பியலாளர்களிடையே ஓர் அடிப்படைச் சந்தேகம் நிலவியது. இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்து, பக்கவாட்டை முழுக்கத் திறந்துவிட்டால், ஒளி அதற்குள் ஒரு நிலையான வடிவத்தில் தங்குமா, சிதறி வெளியேறிவிடுமா? பெல் ஆய்வகத்தின் கார்டினர் ஃபாக்ஸ், டிங்யே லீ இருவரும் இதைக் காகிதத்தில் தீர்க்க முயலாமல் ஐபிஎம் 704 கணினியிடம் கொண்டுபோனார்கள். எந்த வடிவமும் இல்லாத தட்டையான அலையை ஒரு கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடிக்கு அனுப்பினார்கள். ஓரங்களில் தப்பியதைக் கழித்தார்கள். மிஞ்சியதைத் திருப்பி அனுப்பினார்கள். எண்களால் ஆன அந்த ஒளியை இப்படி 300 முறை அலைக்கழித்தார்கள். அலை மெல்ல மெல்ல ஒரு வடிவத்துக்கு வந்து, அதன்பின் மாற மறுத்தது. நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும் வடிவம் அது. 1961-இல் வெளியான அந்தக் கட்டுரை, லேசர் இயற்பியலின் தூண்களில் ஒன்று.

வளைவான கண்ணாடிகளைக் கொண்ட லேசருக்கு இந்த வடிவம் துல்லியமான மணி வடிவ வளைகோடாக அமைகிறது. இதுவே காஸியன் கற்றை. 1966-இல் ஹெர்விக் கோகல்னிக்கும் டிங்யே லீயும் இதற்கான சூத்திரங்களை ஒரே கட்டுரையில் தொகுத்துக் கொடுத்தார்கள். இன்றைய மாணவர் அரைப்பக்கத்தில் போடும் கணக்கு அதிலிருந்து வந்தது. அங்கேதான் பழக்கம் ஒன்று தொற்றிக்கொண்டது. ஃபாக்ஸும் லீயும் எதையும் முன்கூட்டி எடுத்துக்கொள்ளாமல் 300 முறை கணக்கிட்டுக் கண்ட விடையை, அவர்களுக்குப் பின்வந்தவர்கள் கேள்வியே கேட்காமல் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொண்டார்கள்.

உண்மையான லேசர்கள் அந்த மணி வடிவத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதைச் சொல்ல, ஸ்டான்ஃபோர்டின் அந்தோனி சீக்மன் 1990 வாக்கில் ஓர் அளவுகோலைப் பரவலாக்கினார். எம்-ஸ்கொயர் என்று ஆய்வகங்களில் சொல்வார்கள். குறையற்ற கற்றைக்கு அது 1. நல்ல ஹீலியம்-நியான் லேசர் 1.1-க்குள் வந்துவிடும். உயர்திறன் டயோடு லேசர்களில் ஒரு திசையில் மட்டும் பத்துகளைத் தாண்டிப் போகும். அந்த எண் 3 என்றால், மேலே சொன்ன 80 மைக்ரான் வட்டம் 240 மைக்ரானாகிறது; அங்கே விழும் செறிவு ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. உலோகத் தகட்டை வெட்டும் என்று கணினி உறுதியளித்த இயந்திரம் அதைச் சூடாக்கிவிட்டு நிற்கும்.

இதைவிடச் சில்லறையான பிழை ஒன்றும் உண்டு. லேசர்க் கற்றைக்குக் கூரிய ஓரம் கிடையாது என்பதால், அதன் அகலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது உடன்பாட்டைப் பொறுத்தது. சில உற்பத்தியாளர்கள் செறிவு பாதியாகும் இடம்வரை அளப்பார்கள். பெரும்பாலான மென்பொருள்கள் செறிவு உச்சத்தில் 13.5 சதவீதமாகக் குறையும் இடம்வரை எடுத்துக்கொள்ளும். விவரத்தாளில் 1 மில்லிமீட்டர் என்று இருப்பது முதல் வகை. பொறியாளர் அதை இரண்டாம் வகைக் கட்டத்தில் இட்டுவிடுகிறார். உண்மையான கற்றை 1.7 மில்லிமீட்டர். அகலமான கற்றை இன்னும் சிறிய புள்ளியாகக் குவியும். ஆகவே குவியத்தில் உண்மையான செறிவு, திரை காட்டுவதைவிட ஏறத்தாழ 3 மடங்கு அதிகம். பாதுகாப்பு வரம்பைக் கணக்கிடும் கோப்பில் இந்தப் பிழை நுழைந்தால், விவரத்தாளும் சரி, மென்பொருளும் சரி, விடை மட்டும் ஆபத்தானது.

மென்பொருள் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் இல்லை. கதிர்களுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு காஸியன் கற்றைகளின் திரளாக ஒளியைப் பிரித்து அனுப்பும் வழி சில மென்பொருள்களில் உண்டு. அலைமுகப்பையே கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வீச்சும் கட்டநிலையும் எழுதி நகர்த்தும் வழியும் உண்டு. ஆனால் இந்த வழிகளும் பயனரிடம் கவனத்தைக் கேட்கின்றன. கட்டங்களின் பரப்பு போதாவிட்டால், வலப்புற ஓரத்தைத் தாண்டிய ஒளி, பேருந்தின் பின்வாசலில் இறங்கியவர் முன்வாசல் வழியாக மறுபடி ஏறுவதைப்போல, இடப்புறத்திலிருந்து உள்ளே வந்துவிடும். கணித முறையின் பக்கவிளைவு அது. திரையிலோ அது நேர்த்தியான வளையங்களாகத் தெரியும். விளிம்பு விளைவைப் படித்த மாணவர் அதைப் பார்த்துவிட்டு, பாடநூல் சொன்ன வளையங்கள் இதோ என்று மகிழ்வார். கட்டங்களின் பரப்பை இரட்டிப்பாக்கி மீண்டும் ஓட்டிப் பார்த்தால் வளையங்கள் இடம்மாறும், அல்லது மறைந்தே போகும். இரண்டாம் முறை ஓட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

அளந்ததை மாதிரிக்குள் கொண்டுவந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஹப்பிள் தொலைநோக்கியைவிடத் தெளிவான சான்று கிடையாது. அந்தக் கதையில் லேசருக்கும் ஒரு வேடம் உண்டு.

ஹப்பிளின் 2.4 மீட்டர் முதன்மை ஆடியை அமெரிக்காவின் டான்பரியில் பெர்கின்-எல்மர் நிறுவனம் தேய்த்து மெருகேற்றியது. தேய்ப்பு சரியா என்று சொல்ல ஒரு சோதனைக் கருவி. அந்தச் சோதனைக் கருவிக்குள் இருந்த லென்ஸைச் சரியான தூரத்தில் நிறுத்த ஓர் அளவுகோல் தண்டு. தண்டின் முனையை லேசர் ஒளியால் பார்த்து இடத்தை உறுதிசெய்வது முறை. தண்டின் தலையில் சிறு துளையிட்ட ஒரு மூடி இருந்தது. ஒளி தெறிக்காதபடி மூடிக்குப் பூச்சு இடப்பட்டிருந்தது. ஓரிடத்தில் அந்தப் பூச்சு உரிந்திருந்தது. லேசர் தண்டின் முனையில் பட்டுத் திரும்புவதற்குப் பதிலாக, உரிந்த இடத்தில் பட்டுத் திரும்பியது. லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அந்த நிலைக்கு லென்ஸைக் கொண்டுவரச் சரிசெய்யும் திருகு எட்டவில்லை என்றபோது, வாஷர்களைச் செருகி எட்டவைத்தார்கள். ஆடியின் விளிம்பு தேவையைவிட இரண்டு மைக்ரான் அளவு தட்டையாகப் போனது.

வேறு இரண்டு சோதனைகள் ஏதோ சரியில்லை என்று காட்டத்தான் செய்தன. அவை துல்லியம் குறைந்த கருவிகள் என்று ஒதுக்கப்பட்டன. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன தொலைநோக்கி மங்கிய படங்களை அனுப்பத் தொடங்கியதும்தான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது.

அடுத்து நடந்தது சிமுலேஷன் கலையின் மிகச் சிறந்த அத்தியாயங்களில் ஒன்று. எட்டாத உயரத்தில் இருக்கும் ஆடியை மறுபடி அளக்க முடியாது. கையில் இருந்தவை நட்சத்திரங்களின் மங்கிய படங்கள் மட்டுமே. ஆடியில் இவ்வளவு பிழை இருந்தால் நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று கணினியில் வரைந்து, உண்மைப் படத்தோடு ஒப்பிட்டு, பொருந்தும்வரை பிழையின் அளவை மாற்றிக்கொண்டே போனார்கள். டான்பரியில் கிடந்த பழைய சோதனைக் கருவியை அளந்து கிடைத்த கணக்கும் அதே திசையைக் காட்டியது. அந்த எண்ணை வைத்துத் திருத்தும் ஒளியியல் கருவிகள் செய்யப்பட்டு, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்களால் பொருத்தப்பட்டன. தொலைநோக்கியின் பார்வை தெளிந்தது. வரைபடத்தில் இருந்த குறையற்ற ஆடியை மறந்துவிட்டு, மேலே சுற்றிக்கொண்டிருந்த குறையுள்ள ஆடியைக் கணினிக்குள் கொண்டுவந்ததால்தான் அந்த மாதிரி வேலை செய்தது.

ஹப்பிள் பழைய கதை என்பவர்களுக்கு லைகோ இருக்கிறது. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் 4 கிலோமீட்டர் நீளக் கைகளுக்குள் 1064 நானோமீட்டர் லேசரை ஓடவிட்டு, புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நீள மாற்றத்தை அளக்கும் கருவி. 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலையைப் பிடித்தது. லேசரைக் கணினியில் உருவாக்குவதில் உலகிலேயே மிக அக்கறையானவர்கள் யார் என்று கேட்டால் இந்தக் கூட்டத்தைத்தான் காட்ட வேண்டும். இவர்கள் பயன்படுத்தும் ஃபினெஸ் என்ற நிரல், ஜெர்மனியின் ஜியோ 600 கருவிக்காக ஆண்ட்ரியாஸ் ஃபிரைஸே எழுதத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிகளின் பரப்பை நானோமீட்டருக்கும் நுட்பமாக அளந்து, அந்த வரைபடத்தையே மாதிரிக்குள் செலுத்துவது இவர்கள் வழக்கம்.

அப்படியும் ஒன்று தப்பியது. ஒவ்வொரு கையிலும் 750 கிலோவாட் ஒளி சுழல வேண்டும் என்பது வடிவமைப்பு. 2019-இல் தொடங்கிய மூன்றாவது நோக்குக் காலத்தில் அது 200 கிலோவாட்டைச் சுற்றியே நின்றது. உள்ளே செலுத்தும் திறனைக் கூட்டினாலும், கைகளில் சேரும் ஒளி அதே விகிதத்தில் கூட மறுத்தது. தேடிப் பார்த்ததில், 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகளின் மேல்பூச்சில் சில மைக்ரான்கள் முதல் சில பத்து மைக்ரான்கள் வரை அகலமுள்ள துணுக்குகள் இருந்தன. ஒளி பட்டால் அந்த இடம் மட்டும் சூடாகும். சூடானால் பரப்பு நானோமீட்டர் கணக்கில் புடைக்கும். புடைத்தால் ஒளி கற்றையை விட்டு வெளியே சிதறும். திறன் இரு மடங்கானால் புடைப்பும் இரு மடங்கு, அதனால் சிதறும் பங்கு நான்கு மடங்கு. குளிர்ந்த கண்ணாடியை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் இந்தப் புடைப்பு தென்படாது. விளக்கு எரிந்தால்தான் குறை எழுந்து நிற்கும்.

ஓடும் கருவியின் வெப்பச் சிதைவை உணரிகளால் அளந்து, துணுக்குகள் இருக்கும் இடங்களை மாதிரிக்குள் சேர்த்தபோது இழப்பின் கணக்கு புரிந்தது. சில கண்ணாடிகள் மாற்றப்பட்டன. பூச்சு வேலையின் தூய்மை மீது கவனம் திரும்பியது. இவ்வளவு பணமும் அறிவும் குவிந்த இடத்திலேயே, அளவீடு வந்து சேரும்வரை மாதிரி கைபிசைந்து நின்றது. விவரத்தாளை மட்டும் நம்பிச் செய்த சிமுலேஷனுக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது?

இந்தக் கேள்வி இந்தியாவுக்கு நேரடியானது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. சென்னைக் கணிதவியல் கழகமும் சென்னை ஐஐடியும் லைகோ அறிவியல் கூட்டமைப்பில் இடம்பெற்றவை. இந்தக் கருவிக்குத் தேவைப்படும் இளைஞர்கள் திரையில் லேசரை ஓட்டத் தெரிந்தவர்களாக மட்டும் இருந்தால் போதாது. கற்றையின் முன் கேமராவை வைத்து அளக்கக் கை பழகியவர்களாகவும் இருக்க வேண்டும்.

நம் பொறியியல் கல்லூரிகளின் போக்கோ எதிர்த்திசையில் இருக்கிறது. இறுதியாண்டில் கருவி வாங்கச் செலவில்லை, உடையும் பயமில்லை, ஆய்வுக்கூட நேரம் வேண்டாம் என்பதால் ‘சிமுலேஷன் புராஜெக்ட்’ எடுப்பது மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் வசதியாகிவிட்டது. லேசர் தொடர்பான தலைப்புகளில் இது இரட்டைக் கேடு. மாணவர் மென்பொருளின் கட்டங்களை நிரப்பக் கற்கிறார். அந்தக் கட்டத்துக்குள் போகும் எண் எங்கிருந்து வருகிறது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

பணத்தைக் காரணம் காட்டுவது பாதி நியாயம்தான். வணிக மென்பொருள்களின் உரிமம் விலை உயர்ந்தது. அந்தச் சந்தை சில கைகளுக்குள் சுருங்கிக்கொண்டும் இருக்கிறது. கோட்-வி மென்பொருளின் நிறுவனத்தை 2010-இல் சினாப்சிஸ் வாங்கியது. ஸீமேக்ஸை 2021-இல் ஆன்சிஸ் வாங்கியது. பிறகு ஆன்சிஸையே சினாப்சிஸ் 3,500 கோடி டாலருக்கு வாங்கக் கிளம்பியது. இரண்டு முன்னணி லென்ஸ் மென்பொருள்களும் ஒரே வீட்டுக்குள் போனால் போட்டி செத்துவிடும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையமும் ஐரோப்பிய ஆணையமும் குறுக்கே நின்றன. சினாப்சிஸ் தன் ஒளியியல் மென்பொருள் பிரிவைக் கீசைட் நிறுவனத்துக்கு விற்றாக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் 2025-இல் அந்த வியாபாரம் முடிந்தது. லென்ஸ் வரையும் நிரலுக்காக அரசுகள் தலையிட்டன என்றால், அதன் எடை எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

ஆனால் மறுபாதி நியாயம் இல்லை. அலைமுகப்பை நகர்த்திக் கணக்கிடும் லைட்பைப்ஸ் போன்ற நிரல்கள் இலவசம். பைத்தான் தெரிந்த மாணவர் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். அளப்பதற்கோ கேமரா சென்சார் ஒன்று, ஒளியைக் குறைக்கும் வடிகட்டிகள் சில, நகர்த்த ஒரு தண்டவாளம் போதும். தொடக்கத்தில் சொன்ன நிஸ்ட் இயற்பியலாளர்கள் பச்சைப் பாயின்டரின் அகச்சிவப்பைப் பிடிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையையும் விளக்கியிருந்தார்கள். அதற்குத் தேவைப்பட்டவை ஒரு குறுந்தகடு, ஒரு சாதாரண வெப்கேமரா, கேமராவுக்கு அகச்சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க ஒரு டிவி ரிமோட். குறுந்தகட்டின் நுண்ணிய தடங்கள் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரிக்கும். கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் கேமராவில் தெரியும்.

ஒவ்வொரு வடிவமைப்புக்கும் லேசரை அளந்துகொண்டிருந்தால் வேலை நடக்குமா என்று தொழிலில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. எந்த லென்ஸ் வேண்டும், எவ்வளவு தூரத்தில் வேண்டும் என்று முதலில் தேடும்போது காஸியன் கற்றையே போதும். அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. லேசரே இன்னும் வாங்கப்படாத நிலையில் அளப்பதற்கு எதுவும் இருக்காது. அப்போதும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எம்-ஸ்கொயர் 1 என்றும், 1.5 என்றும், 3 என்றும் மாற்றி மாற்றி ஓட்டி, வடிவமைப்பு எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்லலாம். டயோடு லேசர் என்றால் ஒரு திசையில் 10 டிகிரியும் செங்குத்துத் திசையில் 30 டிகிரியும் விரியும் நீள்வட்டக் கற்றையை உள்ளிடலாம். வட்டமான கற்றையை உள்ளிட்டு வட்டமான விடையைப் பெறுவதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

டெண்டர் எழுதும் அரசு நிறுவனங்களிடமிருந்தே மாற்றம் தொடங்கலாம். மருத்துவமனைக்கு வாங்கும் கண் லேசரோ, தொழிற்சாலைக்கு வாங்கும் வெட்டும் லேசரோ, விற்பவர் சிமுலேஷன் படத்தைக் காட்டினால், அதில் போட்ட லேசர் அளந்ததா, விவரத்தாளிலிருந்து எடுத்ததா, மென்பொருளின் வார்ப்புருவா என்று ஒரு வரியில் எழுதித் தரச் சொல்லலாம். அகலம் எந்த வரையறைப்படி என்பதையும் சேர்த்து. ஒப்படைக்கும் நாளில் அதே கற்றையை அளந்து ஒப்பிடும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பல்கலைக்கழகங்களுக்கு வேலை இன்னும் எளிது. ஐஎஸ்ஓ 11146 என்ற பன்னாட்டுத் தரம், கற்றையின் நெடுகக் குறைந்தது 10 இடங்களில் அகலத்தை அளக்கச் சொல்கிறது. பாதி அளவுகள் கற்றை ஒடுங்கும் இடத்தைச் சுற்றி. மீதி, அது நன்கு விரிந்துவிட்ட தொலைவில். ஒரு பிற்பகலில் முடியும் வேலை இது. லேசர் சிமுலேஷனை முடிவாக முன்வைக்கும் எந்த ஆய்வேட்டிலும் இந்த 10 அளவுகளின் அட்டவணை பின்னிணைப்பாக இருக்க வேண்டும் என்று பாடத்திட்டக் குழு விதி வகுக்கலாம். அட்டவணை இல்லாத ஆய்வேட்டில் லேசர் அனுமானிக்கப்பட்டது என்று முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு வரும் தேர்வாளர் அங்கிருந்தே தன் முதல் கேள்வியைத் தொடங்கட்டும்.